ஏழாம் லாக்கில் இறங்கிய இரண்டு படகுகள்

கால்வாயில் படகிலேயே குடியிருப்பவர்களுக்குப் பெற்றோர் வைத்த பெயர் நிலைப்பதில்லை. பக்கத்துப் படகுக்காரர் எதைச் சொல்லிக் கூப்பிடுகிறாரோ அதுதான் பெயர். மனுக்காரருக்கு அந்தப் பெயர் வந்ததில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. வாரத்துக்கு ஒரு மனுவாவது நீர்வழி அலுவலகத்துக்கு எழுதிப் போடாவிட்டால் அந்த மனிதருக்குத் தின்ற சோறு செரிக்காது. கதவில் ஓட்டை என்று ஒரு மனு, கரை சரிந்தது என்று ஒரு மனு, போன மனுவுக்குப் பதில் வரவில்லை என்று இன்னொரு மனு.

அவர் எழுதியதில் பொய் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அலுவலகத்தின் லட்சணம் அப்படித்தான் இருந்தது. பதினான்கு நாளுக்கு மேல் எந்தப் படகும் ஒரே கரையில் நிற்கக் கூடாது என்பது அவர்கள் போட்ட சட்டம். அதைச் சரிபார்க்கச் சைக்கிளில் ஒருவர் வருவார், படகின் எண்ணை நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டு போவார். நகராவிட்டால் நோட்டீஸ் வரும். நகரலாம் என்று கிளம்பினால் பாதி வழியில் படகின் அடி சேற்றில் உட்கார்ந்துகொள்ளும். தூர் வாரி எத்தனை வருடம் ஆயிற்று என்று அலுவலகத்துக்கே தெரியாது. ஆழம் குறைந்த இடத்தில் தூர் வாருவதற்குப் பதிலாக ‘இங்கே ஆழம் குறைவு’ என்று பலகை நட்டார்கள். அந்தப் பலகைக்கு மட்டும் வருடம் தவறாமல் வர்ணம் அடித்தார்கள். பலகையைப் படித்துவிட்டுச் சேறு தானாக எழுந்து போய்விடும் என்று நினைத்தார்களோ என்னவோ என்பார் மனுக்காரர். மற்ற படகுக்காரர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு, அண்ணே, நம்ம பக்கத்து ஆகாயத்தாமரையைப் பற்றியும் ரெண்டு வரி சேர்த்து எழுதிடுங்க என்பார்கள்.

இவ்வளவு பேசுகிற மனிதர் பதினோரு வருடமாக ஏழாம் லாக்கைத் தாண்டியதே இல்லை. லாக் என்பது வேறொன்றுமில்லை. கால்வாய் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்கும் இடத்தில் கட்டிய கல்தொட்டி, இரண்டு முனையிலும் கனத்த கதவுகள். படகை உள்ளே விட்டு, பின்கதவைச் சாத்தி, முன்கதவிலுள்ள மதகைக் கைப்பிடியால் சுற்றித் திறந்தால் தொட்டியில் உள்ள தண்ணீர் வடியும். தண்ணீரோடு படகும் இறங்கும். அவர் ஆறாம் லாக்குக்கும் ஏழாம் லாக்குக்கும் நடுவே இருந்த நாலு மைல் தண்ணீரில், பதினான்கு நாளுக்கு ஒரு முறை மேலும் கீழுமாகப் போய்வந்து காலத்தை ஓட்டினார். கேட்டால் கீழே கூட்டம், தண்ணீர் நாற்றம் என்று ஏதாவது சொல்வார். அவர் படகுக்கு முன்னால் எப்போதும் இன்னொரு சின்னப் படகு கட்டியிருக்கும். அது தம்பி மனைவியுடையது, முன்பு தம்பி ஓட்டியது. அவள் படகின் இன்ஜின் மக்கர் செய்தால் இவர்தான் பார்ப்பார், கயிறு இற்றுப்போனால் இவர்தான் மாற்றுவார். கூடப் பிறந்தவன் போன பிறகு அவன் பெண்டாட்டியை இப்படித் தாங்குகிறவர் உண்டா என்று கால்வாயே மெச்சியது.

தம்பி போய்ப் பதினோரு வருடம். ஆனால் போகவில்லை.

பேய் என்றால் இருட்டின பிறகுதான் வரும் என்பார்கள். தம்பி அந்த நேரம் காலமெல்லாம் பார்க்கவில்லை. பட்டப்பகலில், அவள் துணி உலர்த்திக்கொண்டிருக்கும்போது, அவள் படகின் பின்பக்கத்தில் சுக்கானைப் பிடித்தபடி நிற்பான். அதே நீலச் சட்டை, முழங்கால்வரை மடித்துவிட்ட கால்சட்டை. மனுக்காரர் எழுதிக்கொண்டே நிமிர்ந்தால் ஜன்னலுக்கு நேரே இருப்பான். அவள் அவன் நிற்கும் இடத்தின் வழியாகவே ஈரத்துணியை எடுத்துக்கொண்டு போவாள், வருவாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. மனுக்காரர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கண்ணைத் தேய்ப்பார். கண்ணைத் தேய்த்தால் போகிற ஆளா அவன்?

அவன் கோபமாக முறைத்திருந்தால்கூட ஒரு விதத்தில் நிம்மதியாக இருந்திருக்கும். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டிருந்தாலும் சரி என்று வாங்கிக்கொண்டிருப்பார். அவன் எதுவுமே கேட்கவில்லை. சின்ன வயதில் அவனைக் கடைவாசலில் நிறுத்தி, இங்கேயே இரு, இதோ வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனால், மழை கொட்டினாலும் அடுத்த கடைக் கூரைக்குக்கூட ஒதுங்காமல் நின்ற இடத்திலேயே நிற்பான். அப்போது இருந்த முகம்தான் இப்போதும். அவன் காத்துக்கொண்டிருந்தான். எதற்கு என்று மனுக்காரருக்குத் தெரியும். உலகத்தில் அவர் ஒருவருக்கு மட்டும்தான் தெரியும்.

அன்றைக்கு நடந்தது இதுதான். தம்பி தன் படகை ஏழாம் லாக்குக்குள் கொண்டுவந்து நிறுத்தினான். அண்ணன் கரையில் நின்று மதகைத் திறக்க வேண்டும். இப்படித் தண்ணீரை இறக்கும்போது பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று. பின்கதவின் அடியில் தண்ணீருக்குள் ஒரு கல்படி உண்டு. படகின் பின்பக்கம் அந்தப் படிக்கு மேலே நின்றுவிட்டால், தண்ணீர் இறங்க இறங்கப் பின்பக்கம் படியில் மாட்டிக்கொள்ளும், முன்பக்கம் மட்டும் கீழே போகும். கரையில் இருப்பவர் உடனே மதகை மூடிவிட்டால் ஒன்றும் ஆகாது. அதனால்தான் மதகைத் திறந்தவர் படகைவிட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது என்பது கால்வாயில் முதல் பாடம்.

மனுக்காரர் இரண்டு மதகையும் முழுசாகத் திறந்தார். அப்போது முன்கதவுக்கு அந்தப் பக்கம், கீழ்க்கரையில், லாக்காரர் வந்து நின்றார். அந்த லாக்கைப் பார்த்துக்கொள்ள அலுவலகம் வைத்திருந்த ஆள் அவர். மனுக்காரருக்கு அவரைப் பார்த்ததும் நாக்கு அரித்தது. மூன்று மனு போட்டேன், படி இருக்கும் இடத்தைக் காட்டுகிற வெள்ளைக்கோடு அழிந்துபோய்க் கிடக்கிறது, உங்கள் அலுவலகத்துக்கு ஒரு டப்பா வர்ணத்துக்கு வக்கில்லையா என்று பிடித்துக்கொண்டார். லாக்காரரும் சளைத்தவர் இல்லை. நான் கேட்டால் மட்டும் கொடுக்கிறார்களா என்று அவர் பாட்டைப் பாடினார். பேச்சு தூர் வாருவதற்குப் போயிற்று, அங்கிருந்து ஆகாயத்தாமரைக்குப் போயிற்று. மனுக்காரரின் முதுகு லாக்கைப் பார்த்து இருந்தது. லாக்காரருக்குக் கதவு மறைத்தது.

பின்னாலிருந்து தம்பி, அண்ணே, மாட்டிக்கிச்சு என்றான். கத்தக்கூட இல்லை. அண்ணனிடம் கத்திப் பேசுகிற பழக்கம் அவனுக்கு இல்லை. மனுக்காரர் அப்போதுதான் நல்லதொரு வார்த்தையைப் பிடித்திருந்தார், லாக்காரரை மடக்கிவிடலாம். திரும்பாமலே வலது கையை முதுகுக்குப் பின்னால் நீட்டி விரல்களை விரித்துக் காட்டினார். இரு. அரை நிமிடம் இருக்கும். பிறகு பெரிய சத்தம் கேட்டது. திரும்பினபோது படகின் முன்பாதி தண்ணீருக்குள் இருந்தது, தம்பியைக் காணவில்லை.

விசாரணை நடந்தது. மனுக்காரர் மூன்று மனுவின் நகலையும் கொண்டுபோய்க் காட்டினார். கோடு அழிந்திருந்தது உண்மை, மனு போட்டதும் உண்மை. அந்த இரண்டு உண்மையை வைத்து மூன்றாவதை மூடிவிட்டார். லாக்காரர் எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. வேலை நேரத்தில் வாயளந்துகொண்டிருந்தவர்தானே அவரும். அவர் வேலை போயிற்று, லாக் ஓரத்தில் கொடுத்திருந்த வீடும் போயிற்று. கால்வாயில் யாரும் அவரோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று ஆயிற்று. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான்.

இதோடு போயிருந்தால்கூட மனுக்காரர் எப்படியோ தாங்கியிருப்பார். தம்பி மனைவி கேட்ட கேள்விதான் அவரைத் தின்றது. விசாரணையிலும் அவள் அதையேதான் கேட்டாள். லாக்கின் சுவரில் இரும்பு ஏணி இருக்கிறது. என் வீட்டுக்காரருக்கு நீச்சல் தெரியும். படகு சாய ஆரம்பித்ததும் ஏணியைப் பிடித்து ஏறாமல் ஏன் நின்றார்? பதில் இல்லாத இடத்தில் அவளே ஒரு பதிலை வைத்துக்கொண்டாள். மூன்றாம் வருடம் ஒரு நாள் கயிறு மாற்றிக்கொண்டிருந்த மனுக்காரரிடம் அதைச் சொன்னாள். அன்று காலையில் இருவருக்கும் சண்டை. கரையில் வீடு பார்க்கலாம் என்று அவள் கேட்டாள், அவன் மாட்டேன் என்றான். நீ எங்கேயாவது போய்த் தொலை, உன் முகத்தில் விழிக்காமல் இருந்தால் எனக்கு நிம்மதி என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனாள். திரும்பி வந்தபோது அவன் இல்லை. நான் சொன்னதை மனதில் வைத்துக்கொண்டுதான் அவர் ஏணியைப் பிடிக்கவில்லை என்றாள். அழக்கூட இல்லை, அரிசி விலை சொல்வதுபோலச் சொன்னாள்.

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். உன் மேல் தப்பு இல்லம்மா, கோடு அழிஞ்சிருந்துச்சு, அவ்வளவுதான் என்றார் மனுக்காரர். சொல்லிவிட்டு நிமிர்ந்தால் அவளுக்குப் பின்னால் அவன் நின்றான், அதே முகத்தோடு. அன்று இரண்டு மனு எழுதினார்.

இப்படியே சாகும்வரை ஓட்டிவிடலாம் என்று இருந்தவரைக் கெடுத்தது அவருடைய மனுவேதான். ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே கால்வாயின் அடி விரிசல் விட்டுத் தண்ணீர் கசிகிறது என்று நாலு வருடமாக எழுதிக்கொண்டிருந்தார். புதிதாக வந்த இன்ஜினியர் அம்மா அதையெல்லாம் உட்கார்ந்து படித்திருக்கிறாள். நேரில் வந்து அளந்தாள். அந்த நாலு மைலையும் வடியவிட்டு ஐந்து மாதம் வேலை செய்வது, அங்கே நிற்கும் படகுகள் எல்லாம் வியாழக்கிழமை நண்பகலுக்குள் ஏழாம் லாக் வழியாகக் கீழே இறங்கிவிட வேண்டியது என்று அறிவிப்பு ஒட்டினாள். ஒட்டிவிட்டு அவர் படகுக்கே வந்து, உங்க மனுவாலதான் சார் இந்த வேலையே நடக்குது என்று கையைக் குலுக்கினாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அலுவலகம் அவர் சொன்னதைக் கேட்டிருந்தது.

ஆறாம் லாக் வழியாக மேலே ஏறிப் போய்விடலாம் என்று பார்த்தார். மேலே கோடைக்குத் தண்ணீர் போதவில்லை, கதவைப் பூட்டிவிட்டார்கள். தம்பி மனைவியோ அறிவிப்பைப் படித்ததும் படகைத் துடைக்க ஆரம்பித்துவிட்டாள். அவளும் அந்த நாளுக்குப் பிறகு ஏழாம் லாக்குக்குள் போனதில்லை. அந்த இடத்தை ஒரு தடவை பார்த்துவிடுகிறேன் மாமா என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

வியாழக்கிழமை காலை மற்றப் படகுகள் ஒவ்வொன்றாக இறங்கிப் போயின. மனுக்காரர் என்னவெல்லாமோ சாக்குச் சொல்லி, வந்தவர்களை எல்லாம் முன்னால் போகவிட்டார். கடைசியில் இரண்டே படகு மிஞ்சியது. இன்ஜினியர் அம்மா இரண்டு ஆட்களோடு தள்ளி ஒரு மரத்தடியில் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டிருந்தாள். தம்பி மனைவி தன் படகை லாக்குக்குள் ஓட்டி வந்தாள். மனுக்காரர் பின்கதவை முதுகு கொடுத்துத் தள்ளிச் சாத்தினார். நிமிர்ந்தபோது சுக்கானில் அவள் கைக்குப் பக்கத்தில் இன்னொரு கை இருந்தது.

அவர் அதைப் பார்க்காததுபோல முன்கதவுக்கு நடந்தார். கைப்பிடியை மதகில் மாட்டினார். சுற்ற வேண்டும். சுற்ற முடியவில்லை. கையில் வலு இல்லாமல் இல்லை, அன்று காலைகூட இரண்டு ஆள் தூக்கும் நங்கூரத்தை ஒற்றையாகத் தூக்கியவர். கைப்பிடி அசைந்தால் அண்ணே என்று குரல் வரும் என்று காது கூர்ந்து நின்றது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவர் நெஞ்சு குறுகுறுக்கவில்லை, தம் கட்டிக்கொண்டு நின்றுவிட்டது.

அவள் அவரை அவசரப்படுத்தவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையை நீட்டி ஏணியின் கம்பியைப் பிடித்தாள். காலை எடுத்து வைக்கவில்லை, உடம்பை வளைக்கவில்லை, நின்ற இடத்திலிருந்தே பிடித்தாள்.

“இவ்ளோ கிட்ட இருக்கே மாமா” என்றாள். “கொஞ்சம் தள்ளி இருக்கும், எட்டியிருக்காதுன்னு நெனச்சு அப்பப்ப மனசத் தேத்திக்குவேன். இல்ல. அப்ப நான் சொன்னதுக்காகத்தான் நின்னிருக்காரு.”

மனுக்காரர் கைப்பிடியை மதகிலிருந்து உருவினார். கல்விளிம்பு வழியாக அவள் படகின் பின்பக்கத்துக்கு நடந்து வந்தார். எழுபதடி தூரம். அதற்குள் சொல்லாமல் விட்டுவிட இன்னும் நாலைந்து வழி அவர் மனதுக்குத் தோன்றியது என்பதையும் மறைக்க வேண்டாம். அவள் முன்னால் வந்து நின்றதும் விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“அவன் என்னைக் கூப்பிட்டாம்மா” என்றார். “நான் லாக்காரர்கிட்ட வாயடிச்சிக்கிட்டு நின்னேன். திரும்பிக்கூடப் பாக்கல. கையப் பின்னால காட்டி, இருன்னேன். நான் இருன்னா அவன் இருப்பான். உனக்குத் தெரியாதா?”

பிறகு மற்றதையும் சொன்னார். இரண்டு மதகையும் ஒன்றாகத் திறந்தது, கோட்டைச் சொல்லித் தப்பித்தது, மூன்றாம் வருடம் அவள் கேட்டபோது முழுங்கியது, ஒன்று விடாமல் சொன்னார். கதவுகளின் இடுக்கில் தண்ணீர் கசிந்து ஒழுகிக்கொண்டிருந்தது. ஏணியைப் பிடித்த அவள் கை கம்பியிலேயே இருந்தது. சுக்கான் பக்கத்தில் வேறு யாரும் இல்லை என்பதை மனுக்காரர் கவனித்தார். எப்போது போனான் என்று தெரியவில்லை. பதினோரு வருடம் எப்போது போவான் என்று ஏங்கியவர், அவன் இல்லாத அந்த இடத்தைப் பார்த்தபோதுதான் தம்பி செத்துவிட்டான் என்று அழுதார்.

அவர் அழுது முடிக்கும்வரை அவள் இருந்தாள். தேற்றவில்லை. பிறகு தண்ணீரைத் திறந்துவிடச் சொன்னாள்.

அவர் எழுந்து போய் ஒரு மதகை மட்டும், பாதி அளவுக்குத் திறந்தார். தலையைத் திருப்பாமல் அவளையே பார்த்தபடி நின்றார். படகு நிதானமாக இறங்கியது. முன்கதவு திறந்ததும் அவள் அவரைப் பார்க்காமல் வெளியே போனாள். இனி நிற்க மாட்டாள் என்று மனுக்காரர் நினைத்தார். நியாயம்தானே. முதலில் இறங்கிய படகுக்காரர் மேலே ஏறி வந்து அடுத்தவருக்கு மதகைத் திறந்துவிட வேண்டும் என்பது கால்வாயில் எழுதாத சட்டம். ஜென்மப் பகையாளிக்குக்கூட அதைச் செய்தாக வேண்டும். ஆனால் இவர் செய்ததற்கு எந்தச் சட்டம் பொருந்தும்? இன்ஜினியர் அம்மாவின் ஆட்களைத்தான் கூப்பிட வேண்டும் என்று எண்ணியபடி முன்கதவைச் சாத்தி, தொட்டியில் தண்ணீரை நிரப்பி, தன் படகைக் கொண்டுவந்து உள்ளே நிறுத்தினார்.

நிமிர்ந்தால் அவள் கரையில் நின்றாள். கீழே படகைக் கட்டிவிட்டுப் படியேறி வந்திருந்தாள். மூச்சு வாங்கியது. கையை நீட்டிக் கைப்பிடியைக் கேட்டாள். அவர் கொடுத்தார். பின்கதவைச் சாத்திவிட்டு முன்கதவுக்குப் போய், அவரை ஒன்றும் கேட்காமல் மதகைத் திறந்தாள்.

மனுக்காரர் சுக்கானைப் பிடித்து நின்றார். தண்ணீர் இறங்கியது. சுவர் இரண்டு பக்கமும் உயர்ந்தது, வழவழவென்று பாசி, குகைக்குள் போவதுபோலக் குளிர். மேலே வானம் ஒரு நீளத்துண்டாகச் சுருங்கியது. அந்தத் துண்டின் முனையில், மதகுக்குப் பக்கத்தில், ஒரு ஆள் நிற்பது மட்டும் தெரிந்தது. இங்கிருந்து பார்த்தால் அந்த ஆளைத் தவிர உலகத்தில் வேறு யாருமே இல்லை. தம்பி கடைசியாகப் பார்த்தது இதைத்தான். அந்த ஆளின் இடத்தில் அண்ணனின் முதுகை, பிறகு ஒரு கையை.

பாதி இறங்கியதும் தண்ணீர் நின்றது. அவள் மதகை மூடியிருந்தாள். மூடிவிட்டு விளிம்பு வழியாக அவர் தலைக்கு நேர் மேலே வந்து நின்றாள். மனுக்காரர் அண்ணாந்து பார்த்தார். இப்படியே விட்டுவிட்டுப் போய்விடுவாளோ என்று நினைத்தார், போனால் கூப்பிடக் கூடாது என்றும் நினைத்தார்.

“போய்த் தொலைன்னு சொன்னவ நான். அதச் சொல்லாம இருந்திருந்தா உசுரோட இருப்பாருன்னு பதினோரு வருஷம் என்னை நானே கொன்னுக்கிட்டேன். நீங்க பக்கத்துலயே ஒக்காந்து கயிறு மாத்திக் குடுத்துக்கிட்டு இருந்தீங்க.”

அவர் வாயைத் திறந்தார். அவள் தலையை அசைத்து வேண்டாம் என்றாள்.

“லாக்காரர் கீழ டவுன்ல, மக வீட்டுல இருக்காரு. இன்னைக்கே போய்ச் சொல்லிடுங்க. அப்புறம் என் படகு நிக்கிற எடத்துல உங்க படகு நிக்க வேணாம்.”

சொல்லிவிட்டு மதகுக்குத் திரும்பி நடந்தாள். கைப்பிடியை மாட்டினாள். மாட்டியவள் சுற்றாமல் நின்று, அவர் படகின் பின்பக்கத்தைப் பார்த்தாள். அது பின்கதவை ஒட்டி நின்றது. மனுக்காரர் அதைக் கவனித்திருக்கவில்லை, கவனிக்க வேண்டும் என்ற நினைப்பும் அவருக்கு அப்போது இல்லை.

“முன்னால எடுங்க மாமா, பின்னாடி படி இருக்கு” என்றாள். அவர் படகை முன்னால் நகர்த்தும்வரை காத்திருந்தாள். பிறகு, அவர்மேல் வைத்த கண்ணை எடுக்காமல், கைப்பிடியைச் சுற்ற ஆரம்பித்தாள்.